கால் முறிந்து கிடந்தபோது வாசித்தவை. நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள்?

மதகடி:

வைகாசிக் கடைசியில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு மதகடியில் சைக்கிளோடு விழுந்து வலது கணுக்காலை முறித்துக்கொண்டேன். மதகில் பிழையில்லை. ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டும் மறு கையில் போனுமாகச் சைக்கிள் ஓடியவன் நான். ஆறு கிழமை பிளாஸ்ரரோடு சாய்மனைக் கதிரையில் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் நெஸ்டமோல்ட்டோடு ஆளுக்கொரு புத்தகமும் கொண்டுவந்தார்கள். அதனால் இது நானாகத் தெரிந்தெடுத்த வரிசை இல்லை. வந்த ஒழுங்கில் வாசித்தேன்.

முதலில் வந்தது லெனார்ட் வூல்ஃபின் 'குரோயிங்'. அவருடைய தன்வரலாற்றில், ஆங்கிலேய அரசு அதிகாரியாக இலங்கையில் இருந்த 1904 முதல் 1911 வரையான பகுதி, 1961இல் வெளிவந்தது. 1905 தையில் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதாவது அரசாங்கக் கந்தோருக்கு, வேலை பழக வந்தபோது அவருக்கு 24 வயது. கூடவே ஒரு நாயும், வோல்ட்டயரின் எழுத்துகள் 90 தொகுதியும். குடியிருந்தது கோட்டை மதிலோடு இருந்த பழைய பங்களாவில். அந்த 90 தொகுதியையும் கறையான் விட்டுவைத்ததா என்பதுதான் எனக்கு முதலில் வந்த கேள்வி. எங்கள் ஆட்களைப் பற்றி மனிதர் எழுதும் சில வரிகள் எரிச்சலூட்டும். ஆனால் ஓர் இடம் மனதில் நின்றுவிட்டது. மெயின் வீதியில் குதிரையில் போனபோது ஒரு தமிழ் வழக்கறிஞரின் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்தார் என்று அவர்மேல் முறைப்பாடு போகிறது. அடிக்கவில்லை, திரும்பிச் சவுக்கை நீட்டி எதையோ காட்டினேன், அவ்வளவுதான் என்கிறார். அதோடு விட்டிருக்கலாம். குதிரைமேல் இருந்துகொண்டு தான் அந்த வீதியால் போனதே அவர்களுக்கு முகத்தில் விழுந்த அடி மாதிரித்தானே என்ற யோசனையையும் எழுதிவைக்கிறார். துரைமார் அப்படி எழுதி நான் அதிகம் கண்டதில்லை.

அடுத்தது வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்'. 2023இல் வந்த ஆங்கில நாவல், 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசு பெற்றது. 1981இல் யாழ்ப்பாணத்தில் டொக்டராகும் எண்ணத்தோடு படிக்கும் சஷி என்ற 16 வயதுப் பிள்ளையின் கதை. அவள் கொதிதண்ணீரை மேலில் ஊற்றிக்கொண்டு அலற, அயலில் இருக்கும் 'கே' என்ற பெடியன் ஓடிவந்து எரிந்த இடத்தில் முட்டையை உடைத்து விடுகிறான். நான் என்ன செய்தேன் தெரியுமா? புத்தகத்தை மூடிவிட்டு, "மாமி, எரிகாயத்துக்கு முட்டை விடுவார்களா?" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தேன். "ஓம், வெள்ளைக்கரு விடுகிறதுதான். அதற்கு வீட்டில் முட்டை இருக்க வேண்டுமே" என்றார் மாமி. சரி, ஆசிரியர் பாஸ் என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

அங்கேதான் என் வியாதி எனக்கே பிடிபட்டது. கையில் பென்சில். ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கத்தால் போகிறார்கள், எந்த ஒழுங்கை எந்த வீதியில் ஏறுகிறது, எந்த மாதத்தில் என்ன கொடியேற்றம் என்று சோதினைத்தாள் திருத்துவது போலத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன். அங்கே ஒருத்தி தன் சகோதரர்களை இழந்துகொண்டிருக்கிறாள். நான் ஓரத்தில் சரி போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பெருமாள்முருகனின் 'பூக்குழி'யில் எனக்கு இந்தத் தொல்லை வரவில்லை. சோடாக்கடையில் வேலை செய்யும் குமரேசன் வேறு சாதிப் பெண் சரோஜாவைக் கல்யாணம் முடித்துத் தன் ஊருக்குக் கூட்டிவருகிறான். தோலூர் எங்கே, காட்டுப்பட்டிக்கு எந்த பஸ் என்று நான் தேடவேயில்லை. தாய்க்காரி வாய் திறக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறியது. ஷெஹான் கருணாதிலகவின் 'செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா'வும் (2022 புக்கர்) அப்படித்தான். செத்துப்போன படப்பிடிப்பாளன் ஒருவனை 'நீ' என்றே கூப்பிட்டுக் கதை சொல்கிறார்கள், செத்தவர்கள் கந்தோரில் கியூவில் நிற்கிறார்கள். ஒன்றையும் கேட்காமல் நானும் கியூவில் நின்றேன். மனித இனத்தின் வரலாறு சொல்லும் 'சேப்பியன்ஸ்' தமிழில் கிடைத்தது, பாதியோடு சரி. எல்லாம் தெரிந்த பெரியப்பாவோடு கொழும்பு வரைக்கும் பஸ்ஸில் போவது போல இருந்தது.

கடைசியாக, போனில் ஒரு பழைய புத்தகம். மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிப்பதற்காகக் கொண்டுவந்த 'இரண வைத்தியம்', 1867. என் காலைப் பார்த்த டொக்டர் ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் எலும்புக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தமிழில் சொன்னவர் கிறீன்தான்.

உங்களுக்கும் இந்தத் திருத்துகிற வியாதி உண்டா? சொந்த ஊர்க் கதையை வெறும் கதையாக வாசிக்க முடிகிறதா?

பனங்கிழங்கு:

வியாதியா? அது தேவை, ஐயா. பெயர் சொல்லமாட்டேன், இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாவல் வாசித்தேன். யாழ்ப்பாணத்துப் பெட்டை ஒருத்தி தைப்பொங்கலன்று வேலிக்கரையில் இருந்து பனம்பழம் சூப்புகிறாள். ஆடி, ஆவணியில் விழுகிற பழத்தை ஆறு மாதம் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்? தையில் கிழங்கல்லவா கிண்டுவார்கள்! அதற்குப் பிறகு அவள் காதலித்தாலும் சரி, செத்தாலும் சரி, எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழத்தில் பொய் சொன்னவர் மற்றதில் சொல்லமாட்டார் என்று என்ன நிச்சயம்?

ரியூசன் கொட்டில்:

பனங்கிழங்கு அண்ணை, உங்களுக்குப் பயந்தே ஒருவரும் இங்கே கதை எழுதமாட்டார்கள்.

நான் 2003இல் பிறந்தவன். இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் படிக்கிறேன். போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில்தான் வாசிப்பு. இந்த வருடம் வாசித்ததில் பிடித்தது ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் 'குறும்பா'. 1966இல் வந்த புத்தகம். லிமரிக் என்ற ஆங்கில வடிவத்தை எடுத்து ஐந்து வரியில் எங்கள் ஊர்ப் பெரிய மனிதர்களைக் கிண்டல் அடிக்கிறார். சிரிப்பை அடக்க முடியாமல் பக்கத்துச் சீற் அம்மாவிடம் முறைப்பு வாங்கினேன். அடுத்தது அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்'. கொக்குவில்காரர். தலைப்பிலேயே தப்பிவிட்டார் பாருங்கள். உண்மை கலந்தது என்றால் எவ்வளவு கலந்தது என்று நீங்கள் கேட்க முடியாது. ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை'யும் தமிழில் வாசித்தேன், அதைப் பற்றி இங்கே விரித்து எழுதினால் சண்டை வரும்.

என் பிரச்சினை உங்கள் பிரச்சினைக்கு மறுபக்கம். எனக்குச் சரிபார்க்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணம் பற்றிய புத்தகம் என்றால் நூலகம் எரிந்த 81, கலவரம் நடந்த 83, இந்திய இராணுவம் வந்த 87, ஊரே இடம்பெயர்ந்த 95. எல்லாம் நான் பிறக்க முன்பு. யுத்தம் முடியும்போது எனக்கு ஆறு வயது. பிறகு நடந்தவை, ரியூசன், கம்பஸுக்கு எடுபட வேண்டிய இசட் ஸ்கோர் புள்ளி, அண்ணன் வெளிநாடு போனது, அம்மா நுண்கடன் எடுத்தது, இவை எந்த நாவலில் இருக்கின்றன? இருந்தால் பெயர் சொல்லுங்கள். பனம்பழம் பிழைத்தாலும் வாசிப்பேன்.

ரொறன்ரோக் குளிர்:

நான் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, ஒன்பது வயதில், நாவற்குழிப் பாலத்தால் நடந்து போன ஆட்களில் ஒருத்தி. பிறகு வன்னி, கொழும்பு, இங்கே. ஆதலால் மதகடி அண்ணையின் வியாதி எனக்கு வர வழியில்லை. வந்திருந்தால் நல்லது என்று கூட நினைக்கிறேன்.

போன மாதம் அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பசேஜ் நோர்த்' வாசித்தேன். 2021 புக்கர் குறும்பட்டியலில் இருந்த நாவல். நடக்கிறது மிகக் குறைவு. கிருஷன் என்பவனின் அப்பம்மாவைப் பார்த்துக்கொண்ட ராணி கிணற்றில் விழுந்து செத்துவிட்டாள் என்று செய்தி வருகிறது, அவன் கொழும்பிலிருந்து வடக்கே செத்தவீட்டுக்குப் போகிறான். மிச்சமெல்லாம் அவன் யோசிப்பது. நடுவில் காளிதாசனின் மேகதூதத்தை இழுத்துக்கொண்டு வருவார். வசனம் ஒவ்வொன்றும் பக்கக் கணக்கில் நீளம். என் கணவர் பத்தாம் பக்கத்தில் நித்திரையாகிவிட்டார். எனக்கு நித்திரை போய்விட்டது.

காரணம் அந்தக் கிணறு. வாசித்து இரண்டு நாள் கழித்து அம்மாவுடன் போனில் கதைக்கும்போது எங்கள் வீட்டுக் கிணற்றடியைப் பற்றிச் சொன்னேன். கட்டு இப்படி இருந்தது, பின்னால் வெளி தெரிந்தது என்று. அம்மா சிரித்தார். "எங்கள் கிணற்றுக்குப் பின்னால் என்ன வெளி? ரெண்டு பக்கமும் மதில், மற்றப் பக்கம் வாழையல்லோ" என்றார். நான் சொன்னது நாவலை வாசித்தபோது என் மனதில் நானே கட்டிக்கொண்ட கிணறு. அது என் கிணற்றை மூடிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

எழுதியவர்மேல் குறையில்லை. ஆனால் உங்கள் பென்சிலைக் கேலி செய்யாதீர்கள் அண்ணை. உங்களிடம் ஒரு கிணறு இருக்கிறது, ஒத்துப்பார்க்கலாம்.

பனங்கிழங்கு:

தங்கச்சி, வாழை என்று அம்மா சொன்னால் வாழைதான். எழுதி வையுங்கோ.

பழைய கொப்பி:

யாழ்ப்பாணத்தில் புத்தகம் பற்றிக் கதைத்தால் யாராவது ஒருவர் நூலகத்துக்குத் தீ வைத்த கதைக்கு வந்துவிடுவார்கள் என்று பிள்ளைகள் சலித்துக்கொள்வது தெரியும். அந்த ஆள் இந்த முறை நான். பொறுத்துக்கொள்ளுங்கள், வேறொரு காரணத்துக்காகச் சொல்கிறேன்.

1959இல் திறந்த கட்டடம். 1981 மே 31 இரவு தொடங்கி யூன் 1 விடியும்போது 97,000 அளவில் புத்தகங்களும் ஏடுகளும் போய்விட்டன. அப்போது நான் படிப்பிக்கத் தொடங்கி ஒரு வருடம். காலையில் முற்றத்தில் கூட்டும்போது கருகிய தாள்கள் வந்து கிடந்தன. ஒன்றில் இரண்டு வரி வாசிக்க முடிந்தது, கணிதம். 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் அந்த நாட்களில்தான் எரிந்தது. கவிஞர் நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை அப்போது எழுதினார். நூலகப் படிக்கட்டில் புத்தரைச் சுட்டுப்போட்டுப் புத்தகங்களை அடுக்கி அவரை எரிக்கிறார்கள், அதுதான் கவிதை. வாசிக்காதவர்கள் வாசியுங்கள், ஒரு பக்கம்கூட வராது.

சொல்ல வந்தது இதுதான். மற்ற ஊர்களில் ஒரு நாவலில் சந்தேகம் வந்தால் பழைய பத்திரிகையைப் பார்ப்பார்கள், ஊர் வரலாற்று நூலைப் பார்ப்பார்கள். எங்களுக்கு ஒத்துப்பார்க்கிற இடமே எரிந்துபோயிற்று. அதனால் நாவலையே சாட்சிக்கூண்டில் ஏற்றி, நீயே சொல்லு, நீயே சத்தியம் பண்ணு என்கிறோம். பாவம் நாவல். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்துக்குப் பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது. வீட்டுப் பரண்களில் கிடந்த சஞ்சிகைகள் எல்லாம் அங்கே ஏறுகின்றன. இப்போது என் வேலை அதுதான், பேத்தி கணினியைப் போட்டுத் தந்தால் மத்தியானம் முழுக்க.

மதகடித் தம்பிக்கு ஒன்று. 'பிரதர்லெஸ் நைட்' கையில் இருந்தால் 'முறிந்த பனை'யையும் பக்கத்தில் வையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் யுத்தத்தைப் பற்றி எழுதி 1990இல் வந்தது. அவர்களில் ரஜனி திராணகம, உடற்கூற்றியல் படிப்பித்தவர், 1989 செப்டெம்பர் 21இல் வீட்டுக்குக் கிட்ட சுட்டுக் கொல்லப்பட்டார். நாவலில் வரும் அஞ்சலி என்ற ஆசிரியைக்கு முன்மாதிரி அவர்தான். நான் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தேன். இரண்டாம் முறை நாவலில் வீதிகளைப் பார்க்கத் தோன்றவில்லை.

ரியூசன் கொட்டில்:

ரீச்சர், சலிப்பில்லை. அந்தக் கணிதத் தாளைப் பற்றி நீங்கள் எழுதியது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

கரைவலை:

நான் தீவுப்பக்கம். அதிகம் வாசிக்கிற ஆள் இல்லை. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' எங்கள் வீட்டில் அப்பு காலத்திலிருந்து கிடக்கிறது, 1973 நாவல், 1978இல் படமாகவும் வந்தது. நெடுந்தீவில் வாடி (கரையில் போடும் கொட்டில்) போட்டு மீன்பிடித் தொழில் செய்ய வெளியூரிலிருந்து வருகிறவர்களின் கதை. வாடைக்கு வந்து தொழில் செய்துவிட்டுப் போகிற ஆட்களை எங்கள் கரையிலும் கண்டிருக்கிறேன். எழுதியவர் புவியியல் படித்தவராம். காற்றில் பிழை விடவில்லை. வடக்கிலிருந்து வரும் வாடையைத் தெற்கிலிருந்து வரும் சோளகம் என்று எழுதியிருந்தால் அப்புவே புத்தகத்தை அடுப்பில் வைத்திருப்பார்.

மதகடி, நீங்கள் சொந்த ஊர்க் கதை என்றால்தான் திருத்துவீர்கள் என்கிறீர்கள். எனக்கு அப்படி இல்லை. ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' மகளின் புத்தகம், வாசித்தேன். 84 நாள் மீன் படாத கிழவன். கியூபா எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கயிறு கையை அறுப்பதையும் முதுகில் போட்டு இழுபடுவதையும் பார்த்துக்கொண்டே வந்தேன். பிழை பிடிக்கிற எண்ணம் இல்லை. இந்த ஆள் கடலுக்குப் போனவர்தானா என்று பார்த்தேன். போனவர்தான். பிறகு சுறா வந்து சாப்பிடும்போது வாய்விட்டு ஏசிவிட்டேன், மனுசி என்னவென்று எட்டிப் பார்த்தாள். சரிபார்த்து முடிந்த பிறகுதான் எனக்கு அழுகை வரும்.

மேற்கு வேலி:

எல்லாரும் நல்லாக எழுதுகிறீர்கள். ஒரு கேள்வி. ஆறு பேர் எழுதிவிட்டீர்கள், பழம், வீதி, காற்று, கிணறு எல்லாம் சரிபார்த்தாயிற்று. டானியலை ஏன் ஒருவரும் எடுக்கவில்லை?

கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் போவதற்காக ஒடுக்கப்பட்ட சாதி ஆட்கள் இந்த ஊரில் அடிபட்டுச் செத்தார்களே, அந்தக் காலத்தை எழுதிய நாவல். டானியல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் நின்றவர், கேள்விப்பட்டு எழுதியவர் அல்ல. 1986இல் தஞ்சாவூரில் செத்தார், அங்கேயே அடக்கம். டொமினிக் ஜீவாவின் தன்வரலாறும் அப்படி, 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்'. சலூன்காரர் வீட்டுப் பிள்ளை. 1966இலிருந்து 'மல்லிகை' சஞ்சிகையை நடத்தி, தானே கையில் கொண்டுதிரிந்து விற்றார். எத்தனை பேர் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, ஆளைப் படலைக்கு வெளியே வைத்துக் கதைத்தார்கள் என்று யோசியுங்கள்.

இந்தப் புத்தகங்களையும் யாழ்ப்பாணம் சரிபார்த்ததுதான். எனக்குத் தெரியும், நான் கண்டேன். என்னோடு வேலை செய்த ஒருவரிடம் 'பஞ்சமர்' கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்துத் திருப்பித் தந்து, "பாஷை நல்லா இருக்கு, ஆனால் இவ்வளவு மோசம் இல்லையே" என்றார். பனம்பழத்துக்கு மாதம் தெரிகிறவர்களுக்கு அயல்வீட்டுக்காரன் எந்தப் பேணியில் தேத்தண்ணி குடித்தான் என்று மறந்துபோகிறது. 'பூக்குழி' வாசித்து நெஞ்சு பதறியதாம். பதறும். அது கொங்குநாடு.

மதகடி அண்ணை, குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்தத்தான் எழுதினேன்.

பனங்கிழங்கு:

வாங்கிக்கொண்டேன்.

மதகடி:

மூன்று நாளாகப் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். மேற்கு வேலி எழுதியதை வாசித்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். பிளாஸ்ரர் வெட்டியாயிற்று, பொல்லோடு நடக்கிறேன். 'பஞ்சமர்' எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா வாங்கியது. முதுகில் பெயர் அழிந்துபோனதால் நான் இதுவரை எடுத்ததே இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கும் அது முழுக்க உண்மையாகத் தெரியவில்லை.

பென்சில் பிடிக்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது. அப்பாவும் ஓரத்தில் எழுதியிருக்கிறார். ஆரம்பத்தில் ஓர் எழுத்துப்பிழை திருத்தம். பிறகு ஒரு சொல்லுக்குக் கீழே கோடு. நடுப்பகுதியில் மூன்று இடங்களில், அவருடைய அழகான எழுத்தில், 'மிகை' என்று எழுதியிருக்கிறார்.

அந்த மூன்று இடத்தையும் இரண்டு முறை வாசித்தேன். எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும். எங்கள் வளவில் வேலி அடைக்க வருகிறவர்கள் மத்தியானம் கிணற்றடிக்கு வருவார்கள். கிணற்றுக் கட்டின் மேல் ஏறமாட்டார்கள். தள்ளி நின்று இரண்டு கையையும் குவிப்பார்கள், நான் வாளியால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவேன். கை நனையாமல் ஊற்றப் பழக்கியவர் அப்பா. நன்றாக ஊற்றுகிறாய் என்று சொல்லுவார். அதனால் அது எனக்குப் பிடித்த வேலை.

மாமியிடம் கேட்டேன். முட்டை விஷயத்தில் உடனே பதில் சொன்னவர், இதற்குக் கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அதுகளை இப்ப ஏன் கிண்டுகிறாய், காலை நீட்டி வை" என்றார்.

அப்பாவின் எழுத்தை அழிக்கவில்லை. என் பென்சிலால் மூன்று இடத்திலும் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தும் திகதியும் போட்டு, 'கண்டேன்' என்று எழுதியிருக்கிறேன்.

ரொறன்ரோக் குளிர்:

அண்ணை, அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். அழிந்துபோக விடாதீர்கள்.

மேற்கு வேலி:

வாசித்தேன். உங்கள் பிரதியை ஒருமுறை பார்க்க வேண்டும், தருவீர்களா? பதிலுக்கு ஜீவாவின் புத்தகம் தருகிறேன். பின் அட்டை இல்லை, மழையில் நனைந்தது.

மதகடி:

ஞாயிறு வாருங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு. மதகைத் தாண்டி இரண்டாவது படலை. மதகில் மட்டும் கவனம், இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.